லேப் ரெக்கார்டில் எல்லா வளைவும் ஏன் அவ்வளவு அழகாக இருக்கிறது?

பண்ருட்டிப் பக்கம் முந்திரி வியாபாரம் செய்யும் ஒருவர் கேட்டிருக்கிறார். மகள் கடலூருக்கு அருகே ஒரு தனியார் கல்லூரியில் இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அரியர் கிடையாது, நல்ல மதிப்பெண். ஆனால் அவளுக்கு முன்னால் படித்து முடித்தவர்களில் பலர் வீட்டில் இருக்கிறார்கள், அல்லது படிப்புக்குச் சம்பந்தமில்லாத வேலை பார்க்கிறார்கள். கோளாறு சிலபஸிலா, வாத்தியார்களிடமா, பிள்ளைகளிடமா? கல்லூரி என்ன செய்ய வேண்டும், வீட்டில் என்ன செய்ய வேண்டும்? சென்னையில் ஒரு லட்சம் கட்டி ஒரு கோர்ஸில் சேர்க்கச் சொல்கிறார்களே, சேர்க்கலாமா? இதுதான் கேள்வி.

நான் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் இன்ஸ்ட்ருமென்டேஷன், அதாவது அளவுக் கருவிகளின் பராமரிப்பில் நெடுங்காலம் வேலை பார்த்தவன். புதிதாக வரும் இன்ஜினியர்களை இன்டர்வியூ செய்வதும், சேர்ந்த பிறகு அவர்களைப் பழக்குவதும் என் பொறுப்பில் இருந்தன. இப்போது கடலூரிலும் புதுச்சேரியிலும் சில கல்லூரிகளில் புராஜெக்ட் ரிவ்யூவுக்குக் கூப்பிடுகிறார்கள், போய் வருகிறேன்.

சிலபஸ் மேல் பழி போடுவதுதான் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் சிலபஸை எடுத்துப் பாருங்கள், ஒரு ஆலைக்கு வேண்டியதில் பெரும்பகுதி அதில் இருக்கிறது. எதற்கு மதிப்பெண் கிடைக்கிறதோ அதைத்தான் பிள்ளைகள் படிப்பார்கள். நம் கல்லூரிகளில் ஒரு வேலையைச் செய்து பார்ப்பதற்கு மதிப்பெண் கிடைப்பதில்லை, செய்ததாக எழுதுவதற்குக் கிடைக்கிறது. நாலு வருடம் இப்படியே பழகிய பிள்ளை, ஐந்தாம் வருடம் ஆலை கேட்டுக்குள் நுழைந்ததும் வேறு ஆளாக மாறிவிடாது.

இன்டர்வியூவில் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று. ஆலையில் ஒரு தொட்டியில் எவ்வளவு திரவம் இருக்கிறது என்று அளக்கும் கருவி, கன்ட்ரோல் ரூமுக்கு 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையான மின்னோட்டமாகச் சேதி அனுப்பும். தொட்டி காலி என்றால் 4, நிறைந்திருந்தால் 20. 'ஏன் பூஜ்யத்தில் ஆரம்பிக்காமல் 4-ல் ஆரம்பிக்கிறார்கள்?' என்று கேட்டால் பலரும் டக்கென்று சொல்லிவிடுவார்கள்: ஒயர் அறுந்தால் பூஜ்யம் வரும், காலித் தொட்டியையும் அறுந்த ஒயரையும் பிரித்துப் பார்க்க வேண்டும், அதற்காக. இது இரண்டு மார்க் கேள்வி, புத்தகத்தில் இருக்கிறது. அடுத்து, 'சரி, தொட்டி பாதி நிறைந்திருந்தால் எத்தனை மில்லி ஆம்பியர்?' என்பேன். '10 சார்' என்று வரும். 4-க்கும் 20-க்கும் நடுவில் இருப்பது 12. பள்ளிக்கூடத்துக் கணக்கு. மூளை இல்லாததால் வரும் தப்பு இல்லை இது. அந்த 4 என்பது அவர்களுக்கு ஒரு விடையாக மட்டுமே அறிமுகம். மீட்டரை மாட்டிவைத்து, தொட்டியில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, அளவு எப்படி ஏறுகிறது என்று ஒரே ஒருமுறை பார்த்திருந்தால் அந்தப் பத்து வாயிலேயே வந்திருக்காது.

இன்னொன்று, மல்டிமீட்டரைக் கையில் கொடுத்து 'இந்த பிளக் பாயின்ட்டில் சப்ளை இருக்கிறதா பாருங்கள்' என்பேன். சிவப்பு ஒயரை வேண்டுமென்றே ஆம்பியர் அளக்கும் துளையில் செருகி வைத்திருப்பேன். அப்படியே கொண்டுபோய் 230 வோல்ட்டில் வைத்தால் ஷார்ட் சர்க்யூட்தான். (பாயின்ட்டின் சப்ளையை முன்பே எடுத்துவிட்டிருப்பேன், பயப்பட வேண்டாம்.) பார்த்து, ஒயரை மாற்றிச் செருகிவிட்டு அளப்பவர்கள் குறைவு. அப்படிச் செய்பவர்கள் பெரும்பாலும் டிப்ளமோ முடித்துவிட்டு இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ந்தவர்களாக இருப்பார்கள். பாலிடெக்னிக்கில் கை பழகியிருக்கும், ஆனால் கணக்குத் தாளில் அரியர் வைத்திருப்பார்கள். பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து வந்த பிள்ளைக்குக் கணக்கு வரும், ஸ்க்ரூ டிரைவர் பிடிக்க வராது. இந்த இரண்டு பேரையும் லேபில் ஒரே மேஜையில் உட்கார வைக்க ஒரு கல்லூரிக்கு என்ன செலவாகும்? நான் பார்த்தவரை பெயர் வரிசைப்படிதான் பேட்ச் பிரிக்கிறார்கள்.

லேபில் என்ன நடக்கிறது என்று பெற்றோருக்குத் தெரிய வாய்ப்பில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மெக்கானிக்கல் பிள்ளைகளுக்கு சென்ட்ரிஃபியூகல் பம்ப் சோதனை என்று ஒன்று உண்டு. பம்பை ஓடவிட்டு, வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே பிரஷர் கேஜைக் குறிக்க வேண்டும். தொட்டியில் தண்ணீர் 10 சென்டிமீட்டர் ஏற எத்தனை வினாடி, எனர்ஜி மீட்டர் இத்தனை சுற்றுச் சுற்ற எத்தனை வினாடி என்று ஸ்டாப்வாட்சில் பார்த்து எழுத வேண்டும். அதிலிருந்து பம்பின் திறனை வளைவாக வரைய வேண்டும். நல்ல சோதனைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு பம்பைச் சுற்றிப் பத்துப் பேருக்கு மேல் நிற்பார்கள். ஒருவன் வால்வைத் திருப்புவான், ஒருத்தி ஸ்டாப்வாட்சை அழுத்துவாள், மற்றவர்கள் நாளைய அசைன்மென்ட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். கேஜ் ஒன்று ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதனால் என்ன, சீனியர்களின் போன வருட ரெக்கார்ட் நோட்டு இருக்கிறதே, பார்த்து எழுத. கடைசியில் எல்லோருடைய ரெக்கார்டிலும் ஒரே வளைவு, எல்லாப் புள்ளியும் கோட்டின்மேலேயே உட்கார்ந்திருக்கும்.

உண்மையான பம்பில் அப்படி வராது. ஒரு புள்ளி மேலே போகும், ஒன்று கீழே இறங்கும். கேஜ் குழாயில் காற்று அடைத்திருக்கும், உறிஞ்சும் குழாயின் இணைப்பு எங்கோ லூஸாக இருக்கும், வோல்டேஜ் இறங்கியிருக்கும். 'இந்தப் புள்ளி ஏன் விலகியது?' என்று தேடிப்போவதுதான் இன்ஜினியரின் வேலை, ஆலையில் எங்களுக்குச் சம்பளம் அதற்குத்தான் கொடுத்தார்கள். கல்லூரியில் விலகிய புள்ளிக்கு மார்க் குறையும். எனவே பிள்ளை அதை ரப்பரால் அழித்துவிட்டுக் கோட்டின்மேல் வைத்துவிடுகிறது. அளந்ததை மாற்றி எழுதுவதற்கு நாமே பயிற்சி கொடுக்கிறோம். இதே பழக்கத்தோடு அந்தப் பிள்ளை நாளைக்கு ஒரு ரசாயன ஆலையில் நைட் ஷிஃப்ட்டின் லாக் புக்கை எழுதினால் என்ன ஆகும் என்று நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். உங்கள் மகளின் துறையிலும் இதே கதைதான். அங்கே பம்புக்குப் பதிலாக ஆம்ப்ளிஃபயர்.

இதை மாற்ற மேலிடத்து உத்தரவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, அதிகாரம் ஏற்கெனவே கல்லூரியின் கையில் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 விதிமுறையில் எழுத்துத் தாளுக்கு இன்டர்னல், அதாவது கல்லூரியே போடும் மதிப்பெண் 20, செமஸ்டர் தேர்வு 80. 2021 விதிமுறையில் அது 40-க்கு 60 ஆனது. ஆய்வகத் தாளில் இன்னும் அதிகம்: 60 இன்டர்னல், 40 தேர்வு. புதுச்சேரியில் தன்னாட்சி பெற்ற கல்லூரிகளுக்கு இதைவிட அதிகச் சுதந்திரம் உண்டு. பிள்ளைச்சாவடிக்காரர்கள் 'பி.இ.சி.' என்றே இன்னும் சொல்லும் பழைய பாண்டிச்சேரி இன்ஜினியரிங் காலேஜ், 2020-ல் புதுச்சேரித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாகவே ஆகிவிட்டது. சிலபஸ், தேர்வு எல்லாம் அவர்களே வைத்துக்கொள்ளலாம்.

கைக்கு வந்த இந்த 40-ஐயும் 60-ஐயும் நம் கல்லூரிகள் என்ன செய்கின்றன? எல்லோருக்கும் வாரிக் கொடுக்கின்றன. காரணம் எளிது. எந்தக் கல்லூரியில் எத்தனை சதவீதம் தேர்ச்சி என்று பல்கலைக்கழகம் செமஸ்டர்தோறும் வெளியிடுகிறது. கவுன்சிலிங் நேரத்தில் பெற்றோர் அதைப் பார்க்கிறார்கள். தேர்ச்சி குறைந்தால் சீட் காலியாகும், சீட் காலியானால் துறையை மூடுவார்கள், துறை மூடினால் அங்கே இருக்கும் ஆசிரியருக்கு வேலை போகும். அவர் ஏன் 38-க்குப் பதிலாக 22 போடப் போகிறார்? இன்டர்னலை எல்லோருக்கும் முழுசாகப் போட்டுவிட்டால் அதற்காக எந்த மாணவனும் மெனக்கெட மாட்டான் என்பதைத்தான் யாரும் யோசிப்பதில்லை.

என்னைக் கேட்டால் ஆய்வகத் தாளின் அந்த 60-ஐ இப்படிப் பிரிப்பேன். அளவுகளை லேபிலேயே பேனாவால் எழுதி, கிளம்புவதற்கு முன் நேரம் போட்டு லேப் அசிஸ்டன்டிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அழகான வளைவுக்கு ஒரு மார்க்கும் கிடையாது. எந்த அளவு விலகியது, ஏன் என்று நினைக்கிறாய் என்பதற்கு மார்க். செமஸ்டர் முடிவில் ஒவ்வொரு பிள்ளையும் தனியாக வந்து, ஆசிரியர் ஒளித்துவைத்த ஒரு பழுதைக் கண்டுபிடிக்க வேண்டும். கருகிய ரெசிஸ்டர், தலைகீழாக மாட்டிய டையோடு, அடைத்த கேஜ் என்று எதுவானாலும் சரி. கண்டுபிடிக்காவிட்டாலும் பரவாயில்லை, எந்த வரிசையில் தேடினாள் என்று பார்த்துப் பாதிக்கு மேல் கொடுக்கலாம். இதற்குப் புதுக் கட்டடமோ ஏ.ஐ. லேபோ வேண்டாம். நேரம் வேண்டும், பொருட்படுத்துகிற ஒரு ஆசிரியர் வேண்டும்.

அந்த ஆசிரியர்தான் இல்லை. 2018-ல் தொழில்நுட்பக் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. 15 மாணவருக்கு ஒரு ஆசிரியர் என்றிருந்ததை 20-க்கு ஒருவர் என்று தளர்த்தியது. அந்த எண்ணிக்கையையும் காகிதத்தில் காட்டிவிடுகிற கல்லூரிகள் உண்டு. 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்ட விவரம் நினைவிருக்கும்: 353 ஆசிரியர்கள், 224 கல்லூரிகளில், ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் முழுநேர ஆசிரியராகக் கணக்கில் இருந்தார்கள். ஆய்வுக்குழு வரும்போது மட்டும் ஆள் வருவார். உண்மையிலேயே வேலை பார்க்கிற ஆசிரியரின் நிலைமை பாவம். தன்னிடம் படித்துவிட்டு ஐ.டி. கம்பெனியில் போன மாதம் சேர்ந்த பையன் தன்னைவிட அதிகம் வாங்குவான். மாலையில் அங்கீகாரத்துக்கான ஃபைல் எழுத வேண்டும். 2014-ல் இந்தியா, இன்ஜினியரிங் படிப்புகளை நாடுகள் பரஸ்பரம் அங்கீகரிக்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானபோது, மாணவன் என்ன செய்யத் தெரிந்து வெளியே வருகிறான் என்று பார்த்து மதிப்பிடும் முறை வந்தது. அருமையான யோசனை. நம்மூரில் அது கட்டம் கட்டமாக 3, 2, 1 என்று நிரப்பும் அட்டவணையாக இறங்கிவிட்டது. மே மாதம் வந்தால் அட்மிஷன் பிடிக்க ஊர் ஊராகப் போகவும் அதே ஆசிரியர்தான். நன்றாகச் சொல்லிக்கொடுக்கும் ஆள் ஒருவர் கிடைத்தால் அவரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் கல்லூரி எதுவோ அதுதான் நல்ல கல்லூரி. உங்கள் மகளிடம் கேளுங்கள், முதல் செமஸ்டரில் பாடம் எடுத்தவர்களில் எத்தனை பேர் இன்னும் அங்கே இருக்கிறார்கள் என்று.

இன்னொரு சங்கதி, யாரும் பெரிதாகப் பேசாதது: கல்லூரிப் பேருந்து. விருத்தாசலம், சிதம்பரம், பண்ருட்டி, திண்டிவனம் என்று நாலா திசைக்கும் பஸ் ஓட்டுகிறார்கள். சாயங்காலம் நாலரைக்குள் எல்லா பஸ்ஸும் கிளம்பிவிடும். அதோடு லேபும் பூட்டு. ஒரு சர்க்யூட் வேலை செய்யவில்லை என்றால் இன்னும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வழியே கிடையாது. ஹாஸ்டல் பையன்களுக்காவது கொஞ்சம் நேரம் கிடைக்கும், பெண்பிள்ளைகள் ஹாஸ்டலில் இருந்தாலும் ஆறு மணிக்குள் உள்ளே போயாக வேண்டும். சனிக்கிழமை ஒரு ரூட்டுக்கு ஒரு பஸ் மட்டும் விட்டு, லேபைக் காலை முதல் மாலை வரை திறந்து வைத்தால் போதும், பாதி மாற்றம் தானாக வரும். பெற்றோர் கூட்டத்தில் போய் டைனிங் ஹால் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறோமே, இதையும் ஒரு வார்த்தை கேளுங்கள். நாலைந்து பெற்றோர் சேர்ந்து கேட்டால் தனியார் கல்லூரிக்காரர்கள் செவிசாய்ப்பார்கள். அவர்களுக்கு அடுத்த வருட அட்மிஷன் முக்கியம்.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் இறுதியாண்டு புராஜெக்ட்டுக்குச் சென்னைக்கோ புதுச்சேரிக்கோ போய், புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து ஒரு பெட்டியை வாங்கி வருகிறார்கள். கண் தெரியாதவருக்கு ஸ்மார்ட் கைத்தடி, ஸ்மார்ட் குப்பைத்தொட்டி என்று வருடா வருடம் அதே பெட்டிகள். ரிவ்யூவில் உட்கார்ந்தால் அந்தக் குப்பைத்தொட்டியை எத்தனை தடவைதான் பார்ப்பது. உங்கள் மகளுக்கு அப்படி எதுவும் வாங்கவே வேண்டாம், உங்கள் முந்திரி பட்டறையே ஒரு லேப்.

கொட்டையை ஆவியில் வேகவைக்கிறீர்கள். எவ்வளவு நேரம் என்பது வேகவைக்கும் அக்காவின் கைப்பக்குவம். வேக்காடு குறைந்தால் ஓடு சரியாக வெட்டுப்படாது, அதிகமானால் பருப்பு கெடும். முழுப் பருப்புக்கும் உடைசலுக்கும் விலை எவ்வளவு வித்தியாசம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெப்பம் அளக்க ஒரு தெர்மோகப்பிள், அதைப் பதிவு செய்ய சில நூறு ரூபாய் பெறும் இ.எஸ்.பி.32 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு, ஒரு எடைத் தராசு போதும். ஒவ்வொரு ஈட்டுக்கும் வெப்பம் நிமிடத்துக்கு நிமிடம் எப்படி ஏறியது, அந்த ஈட்டில் முழுசு எத்தனை கிலோ, உடைசல் எத்தனை கிலோ என்று ஒரு மாதம் பதிவு செய்யட்டும். முதல் வாரம் எதுவும் ஒழுங்காக வராது. ஆவி கனெக்டருக்குள் புகுந்து ரீடிங் குதிக்கும், கரண்ட் போய் வந்தால் கடிகாரம் பூஜ்யத்துக்குப் போகும், தராசில் யாராவது டிபன் பாக்ஸை வைத்திருப்பார்கள். அதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரி செய்து முடிக்கும்போது அவளுக்குத் தெரிந்திருக்கும் விஷயம், எந்த இன்டர்வியூவிலும் பத்து நிமிடம் தடுமாறாமல் பேசப் போதும்.

ஆங்கிலம் வரவில்லை என்று எல்லோரும் கவலைப்படுகிறார்களே, அதற்கும் இதுதான் நான் கண்ட மருந்து. தான் செய்யாத புராஜெக்ட்டைப் பற்றிப் பேசச் சொன்னால் கான்வென்ட்டில் படித்த பிள்ளையும் திக்கும். தானே சால்டரிங் வைத்து, கையைச் சுட்டுக்கொண்ட சர்க்யூட்டைப் பற்றிக் கேளுங்கள், தமிழ் வழியில் படித்த பிள்ளையும் உடைந்த ஆங்கிலத்தில் வேகமாகச் சொல்லிவிடும். இன்டர்வியூ எடுப்பவருக்கு அது போதும். மற்றபடி இலக்கணம் பார்த்து ஆள் எடுக்கும் வேலைகள் வேறு.

முந்திரி மட்டுமில்லை. கடலூர் ஓ.டி. துறைமுகத்தில் ஐஸ் பேக்டரிகள் ஓடுகின்றன. அமோனியா கம்ப்ரசர், உப்புநீர்த் தொட்டி எல்லாம் பாடப் புத்தகத்தில் இருக்கும் அதே சுழற்சி. ஒரு டன் ஐஸுக்கு எத்தனை யூனிட் கரண்ட் ஆகிறது என்று ஒரு மெக்கானிக்கல் மாணவன் அளந்து சொன்னால் முதலாளி டீ வாங்கிக் கொடுத்துக் கேட்பார். சிவில் பிள்ளைகளுக்குப் புதுச்சேரிக் கடற்கரையே இருக்கிறது. துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் வந்த பிறகு வடக்கே மணல் அரித்துப்போனதும், 2018-ல் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் (என்.ஐ.ஓ.டி.) கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு தலைமைச் செயலகத்துக்கு எதிரே மணல் திரும்பச் சேர்ந்ததும் ஊரறிந்தவை. லெவல் கருவியை எடுத்துக்கொண்டு மாதம் ஒருமுறை போய் அளந்தால் மூன்று வருடத்தில் யாரிடமும் இல்லாத தரவு ஒரு கல்லூரியிடம் இருக்கும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலிலும் அதன் பின்னால் வந்த தென்பெண்ணை வெள்ளத்திலும் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று வீட்டுச் சுவர்க் கறைகளே சொல்லின. அதைக்கூட எந்தக் கல்லூரியாவது அளந்ததாக என் காதுக்கு எட்டவில்லை. ஐ.வி. (இண்டஸ்ட்ரியல் விசிட், ஆலையைப் பார்க்கப் போவது) என்றால் கொடைக்கானல் போகிற வழியில் ஒரு பால் பண்ணை. அவ்வளவுதான்.

வேலைவாய்ப்புக்கு வருவோம். பெரிய ஐ.டி. கம்பெனிகளின் ஆரம்பச் சம்பளம் பத்து வருடத்துக்கு மேலாக ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தைச் சுற்றியேதான் நிற்கிறது. முன்பு மாதிரி ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் அள்ளுவதும் குறைந்துவிட்டது. இந்த நேரத்தில்தான் 2024-25 முதல் ஒரு துறைக்கு இத்தனை சீட்தான் என்ற உச்சவரம்பை ஏ.ஐ.சி.டி.இ. எடுத்துவிட்டது. விளைவாக சிவிலையும் மெக்கானிக்கலையும் சுருக்கிவிட்டு கம்ப்யூட்டர் சயின்ஸைப் பெருக்குகிறார்கள். நேற்றுவரை தெர்மோடைனமிக்ஸ் எடுத்தவர் இன்றைக்கு பைத்தான் எடுக்கிறார். இதில் சேரும் பிள்ளைகளை நினைத்தால்தான் கவலை. ஏ.ஐ. கருவிகளே கோடு எழுதித் தரும் காலத்தில், கம்பெனிக்காரர்கள் எழுதிய கோட்டை வைத்து, 'இந்த வரியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?' என்று கேட்கிறார்கள். மனப்பாடம் அங்கே கைகொடுக்காது.

இ.சி.இ. எடுத்தது தப்பில்லை. இரண்டு பக்கமும் கதவு திறந்திருக்கும் படிப்பு அது. நம்மைச் சுற்றி ஆலைகளும் இல்லாமல் இல்லை: 1956-லிருந்து நெய்வேலி என்.எல்.சி., கடலூர் சிப்காட்டின் ரசாயன ஆலைகள், நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலை, திருபுவனையில் வேர்ல்பூலின் வாஷிங் மெஷின் ஆலை. புதுச்சேரியை ஒட்டித் திருச்சிற்றம்பலத்தில் 2024-ல் மினி டைடல் பார்க் என்ற ஐ.டி. வளாகமும் வந்திருக்கிறது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், ஆலைகளில் ஆரம்பச் சம்பளம் ஐ.டி.யைவிடக் குறைவு, பலவற்றில் கான்ட்ராக்ட் மூலம்தான் எடுக்கிறார்கள். ஆனால் மூன்று வருடம் ஒழுங்காக வேலை கற்றவர் நடுவில் வீட்டில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு வழி அப்ரென்டிஸ். 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பயிற்சிச் சட்டத்தில் 1973-லேயே இன்ஜினியரிங் பட்டதாரிகளையும் சேர்த்துவிட்டார்கள். மத்திய அரசின் அப்ரென்டிஸ் பயிற்சித் திட்டமான நாட்ஸின் (NATS) இணையதளத்தில் பதிவு செய்துகொண்டால் ஒரு வருடப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். தென்மண்டலத்துக்கான வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. 2019 விதிகளில் பட்டதாரிக்கு மாத உதவித்தொகை குறைந்தது 9,000 என்று வைத்தார்கள், அதில் பாதியை மத்திய அரசு ஏற்றுக்கொள்கிறது. என்.எல்.சி.யும் விழுப்புரம் அரசுப் போக்குவரத்துக் கழகமும் பட்டதாரி அப்ரென்டிஸ்களை எடுக்கின்றன. பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை தர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது, அதை எதிர்பார்த்துப் போகக் கூடாது. ஒரு வருடம் உண்மையான இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பதற்கு உங்களுக்குக் காசு கொடுக்கிறார்கள். கோர்ஸுக்கு நீங்கள் காசு கொடுப்பதைவிட இது மேல் இல்லையா?

'நான் முதல்வன்' பற்றியும் கேட்பார்கள். 2022 மார்ச்சில் தமிழக அரசு தொடங்கிய திறன் பயிற்சித் திட்டம், கல்லூரிப் பாடத்தோடு சேர்த்தே நடக்கிறது. நல்ல பயிற்றுநர் வாய்த்த கல்லூரியில் பிள்ளைகள் நன்றாகப் பயன்படுத்துகிறார்கள், மற்ற இடங்களில் வீடியோவை ஓடவிட்டுச் சர்டிபிகேட் எடுக்கிறார்கள். என்.பி.டி.இ.எல். என்ற ஆன்லைன் பாடத் தளம் எனக்குப் பிடிக்கும். ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடம், பார்க்கக் காசில்லை, தேர்வுக்கு மட்டும் கட்டணம், அதையும் மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். செமஸ்டருக்கு ஒன்று போதும். ஆறு சர்டிபிகேட்டைப் பயோடேட்டாவில் அடுக்கியவர்களிடம் ஒன்றைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டால் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

வேறு கல்லூரியில் அவள் தம்பியைச் சேர்க்கும் எண்ணம் இருந்தால் ஒரு விஷயம். பேப்பரில் வரும் '100 சதவீத பிளேஸ்மென்ட்' விளம்பரத்தை நம்பாதீர்கள். ஒரே பையனுக்கு மூன்று கம்பெனி ஆஃபர் கொடுத்தால் அதை மூன்று வேலையாக எண்ணுவார்கள். நீங்கள் கொட்டை மூட்டையைக் கை விட்டு அள்ளி, வெட்டிப் பார்க்காமல் விலை பேச மாட்டீர்களே, அதுபோல உள்ளே பாருங்கள். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் தாங்கள் கொடுத்த விவரத்தைத் தங்கள் இணையதளத்திலேயே போட வேண்டும். எத்தனை பேர் படித்து முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, நடுவில் இருப்பவரின் சம்பளம் எவ்வளவு என்பது அதில் இருக்கும். கல்லூரியைச் சுற்றிப் பார்க்கப் போகும்போது ஆடிட்டோரியத்தை விட்டுவிட்டு லேபுக்குப் போங்கள். ஆசிலோஸ்கோப் (மின்னலையைத் திரையில் காட்டும் கருவி) மேல் பிளாஸ்டிக் கவர் போட்டுப் பளபளவென்று இருந்தால் அதை யாரும் தொடுவதில்லை என்று அர்த்தம்.

கடைசியாக அந்த ஒரு லட்சம். இரண்டாம் ஆண்டில் வேண்டவே வேண்டாம். அந்தக் காசில் பத்தில் ஒரு பங்கில் ஒரு நல்ல மல்டிமீட்டர், சால்டரிங் செட், இரண்டு மூன்று போர்டுகள், ஒரு பெட்டி நிறைய உதிரிகள் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிவிடலாம். வீட்டில் ஒரு மேஜையைக் காலி செய்து கொடுங்கள். படித்து முடித்து ஆறு மாதம் ஆகியும் எதுவும் அமையவில்லை என்றால் அப்போது யோசிக்கலாம், அதுவும் பி.எல்.சி. (ஆலை இயந்திரங்களை இயக்கும் கன்ட்ரோலர்), எம்பெடட் (கருவிக்குள் இருக்கும் சிப்புக்கான புரோகிராமிங்) என்று ஏதோ ஒன்றை மட்டும் ஆழமாகச் சொல்லித்தரும் இடமாக இருந்தால். காசு கட்டுவதற்கு முன் ஒரு நாள் வகுப்பில் பின்னால் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஆளுக்கொரு கிட் இருக்கிறதா, நாலு பேருக்கு ஒன்றா என்று எண்ணுங்கள். போன பேட்ச்சில் படித்த இரண்டு பேரின் நம்பரை அவர்களிடமே கேட்டு வாங்கி, நீங்களே பேசுங்கள். வேலை உத்தரவாதம் என்றால் அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். தவணையில் கட்டலாம் என்று சொல்லிக் கையெழுத்துக் கேட்டால், அது உங்கள் பெயரில் எடுக்கப்படும் கடனாக இருக்கலாம், படித்துப் பார்க்காமல் போட வேண்டாம். ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வோம் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.